லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே பார்க்கலாம்



கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவரின் அத்தா, வேறு லேப்டாப் வாங்க உதவி கேட்டு நமது கல்வி உதவிப் பிரிவுக்கு மனு கொடுத்திருந்தார். இருக்கிற லேப்டாப்பில் படம் தெரிகிறது, எழுத முடிகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் பேசுவது கேட்காமல் பிள்ளை ஒரு மாதமாகத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். கடையில் காட்டியதற்கு, "போர்டு போய்விட்டது, 7,000 ரூபாய் ஆகும், அதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

மனுவைப் பரிசீலிக்கும்போது லேப்டாப்பையும் கொண்டுவரச் சொன்னோம். போர்டில் ஒரு கோளாறும் இல்லை. ஹெட்போன் மாட்டும் துளைக்குள் பையின் பஞ்சும் தூசியும் அடைந்து, ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்றே லேப்டாப் எண்ணிக்கொண்டிருந்தது. தூசியை எடுத்ததும் சத்தம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கென ஒதுக்க நினைத்த தொகை இன்னொரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைக்காரர் வேண்டுமென்றே அப்படிச் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. அவசரத்தில் பார்த்தால் யாருக்கும் தவறு நேரும். ஆனால் வரிசையாகச் சோதித்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருந்தால் இந்த அலைச்சலும் மனக்கவலையும் மிச்சமாகியிருக்கும். சத்தம் வரவில்லை என்றதும் "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் ஸ்பீக்கர் கெட்டுப்போவது இந்தக் கோளாறின் பல காரணங்களில் ஒன்றுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை.

சத்தம் வரும் பாதை

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே குழாயைக் கழற்றி மாற்றுவதில்லை. மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, இடையில் அடைப்பு உண்டா என்று பார்க்கிறோம். பக்கத்துக் குழாயைத் திறந்தும் பார்க்கிறோம். அங்கே தண்ணீர் வந்தால் தொட்டியில் குறையில்லை என்று தெரிந்துவிடும்.

லேப்டாப்பிலும் இதே கதைதான். நாம் கேட்கும் வகுப்போ கிராஅத்தோ முதலில் ஒரு செயலியில், அதாவது பிரவுசரிலோ ஜூமிலோ தொடங்குகிறது. அங்கிருந்து விண்டோஸுக்கு வருகிறது. எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று விண்டோஸ் தீர்மானிக்கிறது. பிறகு டிரைவர் என்ற மென்பொருள் வழியாகப் போர்டில் உள்ள சவுண்டு சிப்புக்குப் போகிறது. சிப்பு அதை மின் அலையாக மாற்ற, ஆம்ப்ளிஃபயர் அதற்கு வலுவூட்ட, மெல்லிய கம்பிகள் வழியாக ஸ்பீக்கருக்கு வந்து சேர்கிறது. இடையில் ஹெட்போன் மாட்டப்பட்டிருந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் வழி அடைக்கப்படும்.

இந்தப் பாதையில் எங்கே நின்றாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லை. எனவே எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

முதல் சோதனை: ஒரு ஹெட்போன்

வீட்டில் இருக்கும் சாதாரண வயர் ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதையை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

ஹெட்போனில் சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்றால், செயலி, விண்டோஸ், டிரைவர், சவுண்டு சிப்பு எல்லாம் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. குறை ஹெட்போன் துளையிலோ ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியிலோ ஸ்பீக்கரிலோ இருக்கலாம். ஸ்பீக்கருக்கென உள்ள அமைப்பு மட்டும் நிறுத்தப்பட்டிருக்கவும் கூடும்.

ஹெட்போனிலும் சத்தம் இல்லை என்றால், குறை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அதாவது அமைப்புகளிலோ டிரைவரிலோ சிப்பிலோ. இந்த நிலையில் ஸ்பீக்கரை மாற்றுவது வீண் செலவு.

இன்னொரு குறிப்பும் உண்டு. லேப்டாப்பில் வலம், இடம் என இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒரே நாளில் இரண்டும் சேர்ந்து கெட்டுப்போவது அரிது. இரண்டும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் மற்றவற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வரவில்லை, அல்லது கரகரவென்று வருகிறது என்றால் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம்.

செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

இவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஏதேனும் ஓர் ஒலியை ஓடவிட்டுச் சோதியுங்கள்.

1. மியூட் விசை. விசைப்பலகையின் மேல் வரிசையில் ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக் கோடு போட்ட விசை இருக்கும். கை தவறிப் பட்டாலே சத்தம் நின்றுவிடும். சில லேப்டாப்புகளில் அந்த விசையில் சிறு விளக்கு எரியும். அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் எஃப்.என் விசையுடன் சேர்த்து அழுத்துங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது.

2. சத்தம் வேறெங்கோ போகிறதா? திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்குங்கள். எந்தக் கருவிக்குச் சத்தம் போகிறது என்று அங்கே தெரியும். விண்டோஸ் 10-ல் வால்யூம் கோட்டுக்கு மேலே உள்ள பெயரைச் சொடுக்கினால் கருவிகளின் பட்டியல் விரியும். விண்டோஸ் 11-ல் வால்யூம் கோட்டுக்கு அருகே உள்ள சிறு பொத்தானை அழுத்த வேண்டும். அதில் லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். எச்.டி.எம்.ஐ. கம்பியால் டிவியோ புரொஜெக்டரோ இணைத்திருந்தால் சத்தம் அங்கே போய்விடும். அடுத்த அறையில் மறந்து வைத்த ப்ளூடூத் ஹெட்செட்டுக்கும் போகும். சந்தேகமிருந்தால் எச்.டி.எம்.ஐ. கம்பியைக் கழற்றி, ப்ளூடூத்தையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

3. ஒரு செயலியில் மட்டும் சத்தம் இல்லையா? ஸ்பீக்கர் படத்தில் வலது சொடுக்குப் போட்டு வால்யூம் மிக்சரைத் திறங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அளவு இருக்கும். ஏதாவது ஒன்று அடிமட்டத்தில் கிடக்கலாம். குரோம் பிரவுசரில் குறிப்பிட்ட தளம் மட்டும் ஊமையாக இருந்தால் அதன் டேப்பில் வலது சொடுக்குப் போட்டு, தளத்தின் மியூட்டை எடுத்துவிடுங்கள். ஜூம் வகுப்பில் நுழையும்போது, கணினியின் ஆடியோவுடன் சேரவா என்று கேட்கும் பெட்டி வரும். அதை மூடிவிட்டால் ஆசிரியரின் வாய் அசையும், குரல் வராது. கீழே உள்ள ஆடியோ படத்தை அழுத்திச் சேர்ந்துகொள்ளலாம். அதன் அருகில் உள்ள சிறு அம்புக்குறியில் எந்த ஸ்பீக்கர் என்பதையும் மாற்றலாம்.

4. அழைப்பு வரும்போது சத்தம் குறைகிறதா? விண்டோஸில் ஒரு பழக்கம் உண்டு. இணைய அழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைத்துவிடும். பழைய கண்ட்ரோல் பேனலின் சவுண்டு பகுதியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தில் "டூ நத்திங்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது நின்றுவிடும். அதே சவுண்டு பகுதியின் பிளேபேக் பக்கத்தில் வலது சொடுக்குப் போட்டு, நிறுத்தப்பட்ட கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் மங்கலாகத் தெரிந்தால் அதை எனேபிள் செய்யுங்கள்.

5. முழுதாக அணைத்து எடுத்தல். லேப்டாப்பை மூடி வைப்பது அணைப்பதாகாது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி வெளியே எடுக்கும் வகை என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி இயக்குங்கள். போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்து, சிக்கிக்கொண்ட சிப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்க இது உதவும்.

ஹெட்போன் துளை

ஹெட்போன் போடாதபோதும் திரையில் ஹெட்போன் என்றே காட்டினால் குறை இந்தத் துளையில்தான். துளைக்குள் பிளக் நுழைந்ததா என்பதைக் கண்டறிய ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். பிளக் வரும்போது அது நகரும். உடனே ஸ்பீக்கர் நிறுத்தப்படும். தூசி அடைந்தாலோ தகடு வளைந்தாலோ அது பழைய இடத்துக்குத் திரும்பாது. நாம் மேலே சொன்ன மாணவியின் லேப்டாப்பில் நடந்தது இதுதான்.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஹெட்போன் பிளக்கை உள்ளே விட்டு மெல்லத் திருப்பி எடுங்கள். 10, 15 முறை இப்படிச் செய்யலாம். கேமரா துடைக்கும் ரப்பர் ஊதுகுழல் இருந்தால் அதனால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். மெல்லிய மரப் பல்குத்தியால் பஞ்சைச் சுற்றி எடுக்கலாம். ஊக்கு, ஊசி, கம்பி எதையும் உள்ளே விடவேண்டாம். தகடு உடைந்தால் சிறு வேலை பெரிய வேலையாகிவிடும். பிளக்கின் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டிருந்தால் நோண்டாமல் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள்.

டிரைவர்

முந்தைய நாள் விண்டோஸ் அப்டேட் ஆனது, மறுநாள் சத்தம் இல்லை என்றால் டிரைவரைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்குப் போட்டு டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சவுண்டு, வீடியோ கருவிகள் உள்ள வரிசையை விரித்தால் ரியல்டெக் என்பது போன்ற ஒரு பெயர் இருக்கும். அதன் பக்கத்தில் மஞ்சள் குறி இருந்தால் டிரைவரில் சிக்கல்.

அந்தப் பெயரில் வலது சொடுக்குப் போட்டு ப்ராப்பர்ட்டீஸ், அதில் டிரைவர் பக்கம் போங்கள். பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தான் அழுத்தும்படி இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே மறுபடி டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதுவும் சரிவராவிட்டால், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். "உங்கள் டிரைவர்களையெல்லாம் இலவசமாகச் சரிசெய்கிறோம்" என்று வரும் விளம்பரங்களை நம்பி எதையும் இறக்க வேண்டாம். அவற்றோடு வேண்டாத மென்பொருள்களும் வந்து சேரும்.

ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புக் குறுக்குக் குறி இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஸ்டார்ட்டில் தேடும் இடத்தில் சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு நீண்ட பட்டியல் திறக்கும். அதில் விண்டோஸ் ஆடியோ என்பதைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

மென்பொருளா, உதிரிபாகமா?

இந்த ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. லினக்ஸ் போட்ட பென்டிரைவ் மூலம் லேப்டாப்பை இயக்கிப் பார்ப்பது. நம் கோப்புகளைத் தொடாமலேயே அது தற்காலிகமாக ஓடும். உபுண்டு போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி படிக்கும் மாணவர்களுக்கு இது தெரிந்த வேலை. இயக்கும்போது, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் ஸ்பீக்கர் பேசினால் பாகங்கள் எல்லாம் நலம். குறை விண்டோஸிலும் அதன் டிரைவரிலும்தான். அப்போது போர்டு மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த இலவச லேப்டாப்புகள் இன்னும் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதை அழிக்காமல் வைத்திருப்பவர்களுக்குப் பென்டிரைவ்கூடத் தேவையில்லை. இயக்கும்போது பாஸ் லினக்ஸைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம்.

பார்வையற்றோர் வீட்டில்

இந்தக் கோளாறு எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. நமக்குச் சத்தம் போனால் ஒரு வசதி போகிறது. பார்வையற்ற சகோதரருக்குச் சத்தம் போனால் திரையே போய்விடுகிறது. என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் பேசுவதைக் கேட்டுத்தான் அவர் படிக்கிறார், எழுதுகிறார், விண்ணப்பம் நிரப்புகிறார். சத்தம் நின்ற பிறகு மேலே சொன்ன எந்த அமைப்பையும் அவரால் தனியாகத் திறந்து பார்க்க முடியாது. எனவே வீட்டிலுள்ளவர்கள் இதைக் கற்றுவைப்பது கடமை.

முதலில் மற்ற ஒலிகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். மற்றவை கேட்கின்றன, திரைவாசிப்பான் மட்டும் பேசவில்லை என்றால் ஸ்பீக்கர் நலம். என்.வி.டி.ஏ.-வில் இன்சர்ட் விசையையும் எஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பேச்சு முறை மாறும். கை தவறி அழுத்தினால் பேச்சு நின்றுபோகும். மீண்டும் ஓரிரு முறை அழுத்தினால் திரும்பிவிடும். இவர்கள் வீட்டில் யுஎஸ்பியில் மாட்டும் ஹெட்செட் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

மூடியைத் திறப்பதானால்

இதுவரை சொன்னவற்றில் சரியாகவில்லை, ஹெட்போனில் சத்தம் வருகிறது, ஸ்பீக்கரில் மட்டும் இல்லை என்றால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். வாரண்டி உள்ள லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். பேட்டரி உப்பி, அடிப்பக்கம் புடைத்திருந்தால் திறக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். அது தீப்பிடிக்கும் ஆபத்து. தண்ணீரோ தேநீரோ கொட்டியிருந்தால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் உள்ளே படிந்த சர்க்கரையும் உப்பும் போகாது.

மற்றபடி, ஸ்க்ரூ கழற்றிப் பழகியவர்கள் செய்யலாம். ஸ்க்ரூக்களில் நீளம் மாறும். ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டிவையுங்கள். மூடியை நெம்ப உலோகம் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது.

ஸ்பீக்கரிலிருந்து வரும் மெல்லிய கம்பிகள் ஒரு சிறு கனெக்டரில் போய்ச் சேரும். அது தளர்ந்திருந்தால் அழுத்தி மாட்டினாலே சரியாகிவிடும். கீழே விழுந்த லேப்டாப்புகளிலும், முன்பு யாரோ திறந்து மூடியவற்றிலும் இதைப் பார்க்கலாம். கம்பி மூடிக்கு இடையில் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சோதிக்கலாம். லேப்டாப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம் அல்லது 8 ஓம். மீட்டர் அதற்குச் சற்றுக் குறைவாகவோ அதே அளவாகவோ காட்டினால் சுருள் நலம். அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால், சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டிக்' என்று கேட்டால் உயிர் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

கரகரவென்று ஒலிப்பதற்குக் காரணம் சில நேரம் இரும்புத் துகள். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் அவை ஒட்டிக்கொள்ளும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம். சவ்வு கிழிந்திருந்தால் மாற்றுவதே வழி. ஸ்பீக்கர்கள் பொதுவாக ஜோடியாகவே கிடைக்கும். மாடல் எண்ணையும் ஸ்பீக்கரின் மேல் அச்சிட்ட எண்ணையும் குறித்துக்கொண்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலும், பெரிய ஊர்களின் உதிரிபாகக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மாற்றுவழிகள்

ஸ்பீக்கர் மட்டும் கெட்டிருந்தால் வெளியே வைக்கும் சாதாரண ஸ்பீக்கரோ ஹெட்போனோ வேலையை முடித்துவிடும். சவுண்டு சிப்பே கெட்டிருந்தாலும் போர்டு மாற்ற வேண்டும் என்பதில்லை. யுஎஸ்பி சவுண்டு கார்டு என்று விரல் அளவில் ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதற்குள்ளேயே தனிச் சிப்பு இருப்பதால் லேப்டாப்பின் சிப்பு அதற்குத் தேவையில்லை. மாட்டியதும் விண்டோஸ் தானாக அடையாளம் கண்டுகொள்ளும். ப்ளூடூத் ஸ்பீக்கரும் இப்படித்தான். படிக்கும் பிள்ளைக்குத் தேவை பாடம் காதில் விழுவது. அது எந்த வழியாக விழுந்தால் என்ன?

கடையில் கொடுக்கும்போது

நாம் செய்த சோதனைகளைச் சொல்லிக் கொடுங்கள். "ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை, லினக்ஸிலும் பார்த்துவிட்டோம்" என்று சொன்னால் வேலை செய்பவருக்கும் நேரம் மிச்சம். எந்தப் பாகம் போயிருக்கிறது, எப்படிச் சோதித்தீர்கள், மாற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா, வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்ற நான்கையும் கேளுங்கள். தொகையை முன்பே பேசி, ரசீது வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று மிக முக்கியம். லேப்டாப்பில் வீட்டுப் பெண்களின் படங்களும், வங்கி விவரங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் இருக்கும். அவை நம்மிடம் உள்ள அமானிதம். கொடுப்பதற்கு முன் முக்கியமானவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிரவுசரில் உள்ள கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுங்கள். விண்டோஸில் அட்மின் உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சத்தத்தைச் சோதிக்க அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். படங்களை லேப்டாப்பிலேயே விட்டுச் செல்ல மனமில்லையென்றால் அவற்றைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

கெடாமல் காக்க

சத்தம் போதவில்லை என்று 100 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றித் தரும் மென்பொருள்களைப் போட்டுப் பயான் கேட்பவர்கள் உண்டு. இந்தச் சிறு ஸ்பீக்கர்கள் ஒன்றிரண்டு வாட் அளவே தாங்குபவை. ஒலி சிதையும் அளவுக்கு ஏற்றினால் சுருள் சூடேறிக் கெடும். கூட்டமாகக் கேட்க வெளி ஸ்பீக்கர் வையுங்கள். பல லேப்டாப்புகளில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கிறது. மெத்தையில் வைத்தால் சத்தமும் அமுங்கும், சூடும் ஏறும். ஹெட்போனை மாட்டியபடியே பைக்குள் வைக்காதீர்கள். துளை உடைவதற்கு அது போதும்.

நாம் செய்யக்கூடியது

பொருளை வீணாக்குவது நம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்டது. சத்தம் இல்லை என்பதற்காக மூலையில் போட்ட லேப்டாப் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு ஹெட்போனை எடுத்துக்கொண்டு இன்றே உட்கார்ந்து பாருங்கள். சரியாகி, உங்களுக்குத் தேவையில்லை என்றால், அதிலுள்ள சொந்த விவரங்களை முழுதாக அழித்துவிட்டு, படிக்கும் பிள்ளை ஒன்றுக்குக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளை அதில் படிக்கும் காலமெல்லாம் உங்களுக்கு நன்மை வந்து சேரும்.

மஹல்லாவில் கணினி தெரிந்த இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். மதரஸாவின் ஓர் அறை, ஒரு ஹெட்போன், லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ், ஒரு மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை இருந்தால் பல வீடுகளின் செலவு குறையும். பைத்துல்மாலில் சேரும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் தம் தேவையைச் சுருக்கிக்கொண்டு கொடுத்தது. பஞ்சை எடுத்தால் சரியாகும் வேலைக்கு அது செலவாகக் கூடாது. உண்மையில் தேவையுள்ள பிள்ளைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும், நம் பொருளிலும், உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.